பொறுப்பேற்றுப் பழகும் கல்வி

கல்வியை முதலில் முடித்துக்கொண்டு அதன்பின் தொழிலில் இறங்குவதே முறை என்ற எண்ணம் இன்றைய சமூகங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. இருபத்தொரு வயது வரை கற்பது, பிறகு கற்றதைப் பயன்படுத்துவது என்று வாழ்க்கையை இரண்டாக வகுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. அரைகுறை அறிவோடு பிறர் உயிரையும் பொருளையும் கையாளக் கூடாது என்பதே அது. ஆனால் எதற்கும் பொறுப்பேற்காத நிலையில் பெறும் அறிவு எவ்வளவு தூரம் முழுமையடையும் என்பதை இந்த ஏற்பாடு கேட்டுக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் 2015 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பழகுநர் பட்டப்படிப்பு, குறிப்பாகக் கட்டடச் சேவைப் பொறியியலில் அது நடைபெறும் விதம், அக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகிறது.

தொழில் பழகுநர் பட்டப்படிப்பு என்பது ஒருவர் ஒரு நிறுவனத்தில் ஊதியம் பெறும் ஊழியராகச் சேர்ந்து, வேலை நேரத்தின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்தில் செலவிட்டு, இறுதியில் மற்ற மாணவர்கள் பெறும் அதே பட்டத்தைப் பெறும் முறையாகும். கட்டடச் சேவைப் பொறியியலில் இது பெரும்பாலும் வாரத்தில் நான்கு நாள் அலுவலகம், ஒரு நாள் வகுப்பு என்ற கணக்கில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீள்கிறது. கல்விக் கட்டணம் மாணவர் தலையில் விழுவதில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடமிருந்து 2017 ஏப்ரல் முதல் 0.5 சதவீத அளவில் பெறப்படும் பயிற்சி வரி இதற்குக் கைகொடுக்கிறது. கடன் இல்லாமல் பட்டம் கிடைக்கிறது என்பதே பதினெட்டு வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் முதலில் ஈர்க்கிறது என்றாலும், இம்முறையின் பொருளைப் பணக்கணக்கோடு முடித்துவிட முடியாது.

தொழிலைத் தொழில் செய்வோரிடமே பழகும் வழக்கம் இங்கிலாந்துக்குப் புதிதன்று. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1563இல் இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம், ஒரு தொழிலைச் செய்ய விரும்புவோர் ஏழாண்டுகள் பழகுநராக இருந்தாக வேண்டும் என்று விதித்தது. இவ்வளவு நீண்ட பயிற்சி தேவையற்றது என்றும், உழைப்பவரின் சுதந்திரத்தை அது கட்டிப்போடுகிறது என்றும் ஆடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 1814இல் அந்த விதி நீக்கப்பட்டது. பின்னர் வந்த காலத்தில் பட்டறைப் பயிற்சி ஒரு வகுப்பினருக்கும் பல்கலைக்கழகக் கல்வி இன்னொரு வகுப்பினருக்கும் உரியவை என்ற பிரிவினை வலுப்பட்டது. கட்டடச் சேவைப் பொறியியலுக்கு முன்னோடியான, வெப்பமூட்டலும் காற்றோட்டமும் சார்ந்த பொறியியல் இந்த இரண்டுக்கும் நடுவே வளர்ந்தது. அத்துறையினர் 1897இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் அத்துறைக்கெனத் தனியாக ஒரு தேசியக் கல்லூரி எழுந்து, 1970இல் சவுத் பேங்க் பாலிடெக்னிக்கில் இணைந்தது. அச்சங்கமும் ஒளியமைப்புப் பொறியாளர் சங்கமும், 1976இல் அரச சாசனம் பெற்ற கட்டடச் சேவைப் பொறியாளர் நிறுவனத்தில் ஒன்றிணைந்தன. எனவே பட்டத்தையும் பழகுதலையும் மீண்டும் இணைக்கும் முயற்சி, இத்துறையில் அதன் இயல்புக்கே திரும்புவதாகும்.

கட்டடச் சேவைகள் என்பவை, ஒரு கட்டடத்தை மனிதர் வாழத் தகுந்ததாக ஆக்கும் வெப்பம், குளிர்ச்சி, காற்றோட்டம், மின்சாரம், விளக்கு, குடிநீர், கழிவுநீர், லிஃப்ட், தீ எச்சரிக்கை, புகை வெளியேற்றம் ஆகிய அமைப்புகளின் தொகுப்பாகும். வகுப்பறையில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடமாக வருகின்றன. யு-மதிப்பு என்பதை மாணவர் அங்கே கற்கிறார். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்கையில் ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அதைக்கொண்டு அறையின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்ற ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்கிறார். அலுவலகத்திலோ கணக்கு சரியாக வந்த பின்னரே வேலை தொடங்குகிறது. காற்றுக் குழாய் செல்ல வேண்டிய இடத்தில் எஃகு உத்தரம் நிற்கிறது, கட்டடக் கலைஞர் கூரையுயரத்தைக் குறைக்க மறுக்கிறார், பராமரிப்பவர் வால்வை எட்டித் திருப்ப இடம் கேட்கிறார். இவர்களுள் யாருடைய கோரிக்கையும் தவறானதன்று என்பதுதான் சிக்கல்.

வெந்நீரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான நீரில் பெருகுவதால், தொட்டியில் வெந்நீரைக் குறைந்தது 60 டிகிரியில் வைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அந்தச் சூட்டில் குழாயிலிருந்து வரும் நீர் குழந்தையின் கையையும் முதியவரின் தோலையும் வேகவைத்துவிடும். ஆகவே முதியோர் இல்லம் போன்ற இடங்களில் குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் வால்வைக் குழாயருகே பொருத்துகிறார்கள். எரிசக்திச் சிக்கனமோ வெப்பநிலையைக் குறைக்கச் சொல்கிறது. மூன்று நன்மைகள் ஒன்றையொன்று இழுக்கும் இந்நிலையில், சூத்திரம் உதவுமே தவிர முடிவெடுக்காது. முடிவு தவறினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு: 2002இல் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில், ஒரு கலையரங்கின் குளிரூட்டும் கருவி சரிவரப் பராமரிக்கப்படாததால் அதிலிருந்து பரவிய நீர்த்திவலைகளில் இதே நுண்ணுயிர் கலந்து 7 பேர் இறந்தனர். தேர்வுக்காக இதைப் படிப்பவருக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. தாம் வரைந்த குழாய்ப்பாதை அடுத்த மாதம் ஒரு முதியோர் இல்லத்தில் பொருத்தப்படவிருக்கிறது என்பதை அறிந்து படிப்பவருக்கு இது எச்சரிக்கை. இரண்டிலும் தகவல் ஒன்றே. கற்பவர் நிற்கும் இடம்தான் வேறு.

திறமை என்பதன் வரையறையையே இங்கிலாந்துச் சட்டம் அண்மையில் விரித்திருப்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் மூண்ட தீ 72 உயிர்களைப் பறித்த பின்னர், 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக வந்த விதிகள், வடிவமைப்பவரும் கட்டுபவரும் செயல்திறன், அறிவு, அனுபவம் ஆகியவற்றோடு நடத்தையையும் உடையவராக இருக்க வேண்டும் என்கின்றன. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, பிழையெனக் கண்டதை மேலாளர் விரும்பாவிட்டாலும் எடுத்துரைப்பது போன்ற பண்புகளைச் சொற்பொழிவால் ஊட்ட முடியாது. அவற்றைப் பிறர் செய்யக் கண்டும் தாமே செய்தும்தான் பெற வேண்டும்.

எனினும் இம்முறைக்கு ஒரு விலை உண்டு, அது சிறியதன்று. பயனற்றவராக இருக்கும் உரிமை இளமையின் பேறுகளில் ஒன்று. எந்தத் திட்டத்துக்கும் உதவாத நூலைப் படிக்கவும், துறை மாறவும், தவறான விடையோடு ஒரு மாதம் போராடவும் முழுநேர மாணவருக்கு நேரம் வாய்க்கிறது. பழகுநரோ பதினெட்டு வயதிலேயே ஒரு துறையையும் ஒரு நிறுவனத்தையும் சார்ந்துவிடுகிறார். வேலை முடிந்த மாலையில் வெப்ப இயக்கவியல் பயில்கிறார். இன்னொரு ஆபத்தும் உண்டு: தம் நிறுவனம் செய்யும் முறையே உலகத்தார் செய்யும் முறை என்று அவர் நம்பிவிடலாம். நல்ல மூத்தவர் அமைந்தால் பழகுதல் பேறாகிறது. அலட்சியமானவர் அமைந்தால் அலட்சியமே பாடமாகிறது. ஆகவே வாரத்தின் அந்த ஒரு வகுப்பு நாள், அலுவலகத்துக்கு உடனடிப் பயன் தருவதற்காக அன்றி, அலுவலகம் செய்வதைக் கேள்வி கேட்கும் வலிமையைத் தருவதற்காகவே தேவைப்படுகிறது.

இத்தனைக்கும் பின் இம்முறையை ஏற்கத் தூண்டுவது, அதன் கால அளவுக்குள் பொதிந்திருக்கும் ஒரு வாய்ப்பு. ஒரு பெரிய கட்டடம் வரைபடத்திலிருந்து குடியேற்றம் வரை வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன; முதலாண்டில் வரைபடத்தில் கைவைத்த பழகுநர், பட்டம் பெறுமுன் அக்கட்டடத்தில் மக்கள் அமர்ந்திருப்பதைக் காணக்கூடும். தாம் கணக்கிட்ட காற்று வந்து சேர்கிறதா என்று கருவி கொண்டு அளக்கலாம்; மதிப்பிட்டதைவிட மின்சாரம் மிகுதியாகச் செலவானால் காரணம் தேடலாம். எல்லோரையும் நிறைவுசெய்ய முடியாது என்பதையும் அங்கே அவர் உணரலாம்: டேனிஷ் அறிஞர் ஃபாங்கர் 1970இல் வகுத்த வெப்ப வசதிக் கோட்பாட்டின்படி, அறையின் நிலை எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அதில் இருப்போரில் 5 சதவீதத்தினர் நிறைவடையமாட்டார்கள் என்று எதிர்பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கையில் யாராலும் கவனிக்கப்படாமலும், சிறிது பிசகினால் அனைவராலும் குறைகூறப்பட்டும் நடக்கும் இத்தொழிலில், பாராட்டை அளவுகோலாகக் கொள்பவர் நிலைக்கமாட்டார்.

முழுமையாகக் கற்ற பிறகே பொறுப்பேற்க வேண்டும் என்போர், முழுமை என்பது பொறுப்பேற்பதற்கு முன்பே வந்துவிடும் என்று கருதுகின்றனர்; அப்படி வருவதில்லை. அதற்காக இளையவர் மீது பெருஞ்சுமையை ஏற்றிவிடுவதும் தீர்வாகாது. தவறினால் மூத்தவர் திருத்தக்கூடிய அளவுக்குச் சிறிய பொறுப்பை, ஆனால் உண்மையான பொறுப்பை, ஆண்டுக்கு ஆண்டு வளர்த்துக் கொடுப்பதே பயிற்சியின் இலக்கணம். அதைச் செய்யாத நிறுவனம் குறைந்த ஊதியத்துக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டதாகவே ஆகும். அதைச் செய்யும் நிறுவனமும் பல்கலைக்கழகமும், தாம் சொன்ன எண்ணுக்குத் தாமே பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரை உருவாக்குகின்றன.