பொரியல் பிரமாதம்

அவரைக்காய்ப் பொரியல் செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். சமையல் அறிந்தோர் அனைவரும் இதனை ஒப்புக்கொள்வர். ஆனால் ஒரு சிராவகியின் இல்லத்தில் அந்தப் பொரியல் எப்போது தொடங்குகிறது? வாணலியை அடுப்பில் ஏற்றும்போதா, முறத்தைக் கையில் எடுக்கும்போதா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் நம் அறநெறியின் அடிப்படைக் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. அறியாமல் நேரும் உயிர்க்கொலைக்கு நாம் பொறுப்பாவோமா என்பதே அது.

இதைப் பற்றி நூலறிவு கொண்டு மட்டும் எழுத எனக்குத் தகுதியில்லை. என் வாழ்வில் நேர்ந்த குற்றம் ஒன்றைக் கூறியே தொடங்குகிறேன்.

1978ஆம் ஆண்டு மார்கழி மாதம். வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியையாக இருந்தேன். பள்ளி முடிந்து வீடு சேரும்போது மணி நாலரை ஆகிவிடும். மார்கழியில் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்பே உண்டு முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாள்தோறும் காய்களை ஆய்ந்து வைக்கும் என் மாமியார் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். நான் அவரைக்காய்களைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து அரிவாள்மணையில் நறுக்கினேன். ஒரு காயையும் பிரித்துப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் பொரியல் விரைவாக வெந்தது. குறித்த நேரத்தில் இலை போட்டேன். வேலைக்கும் போய் நியமத்தையும் காத்தேன் என்ற பெருமிதம் என் உள்ளத்தில் இருந்தது.

பரிமாறும்போது கரண்டியில் வெந்த புழு ஒன்று தெரிந்தது. ஒருவரும் அறியாமல் அதனை ஒதுக்கினேன். வாய் திறக்கவில்லை. என் கணவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டு, “இன்று பொரியல் பிரமாதம்” என்றார்.

உலக வழக்கில் அச்சொல் பாராட்டு. நம் ஆகம வழக்கிலோ பிரமாதம் என்றால் விழிப்பின்மை, அசட்டை. தாம் அறியாமலேயே அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமியாரிடம் சென்று, “அத்தை, நேற்று ஒரு பிழை செய்துவிட்டேன்” என்று அனைத்தையும் கூறி அழுதேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் பேசாதிருந்து, “ஏனம்மா, புழு இறந்ததற்காக அழுகிறாயா, அது உன் கண்ணில் பட்டதற்காக அழுகிறாயா?” என்று கேட்டார். பள்ளிப் படிப்பு இல்லாத அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு ஆசிரியர் பயிற்சி பெற்ற என்னிடம் விடையில்லை. அந்தப் புழு என் கண்ணில் படாதிருந்தால் நான் நிம்மதியாக உறங்கியிருப்பேன். அப்படியானால் என் அறம் என் கண்ணில் படுவதோடு முடிந்துவிடுகிறதா?

அறியாமல் செய்த கொலைக்குப் பாவமில்லை என்று பலரும் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அதில் ஓர் ஆபத்து உண்டு. அது முழு உண்மையானால், பார்க்காதிருப்பதே பாவத்திலிருந்து தப்பும் வழியாகிவிடும். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறார். காலடி பார்த்து நடப்பவரின் பாதத்தில் ஓர் எறும்பு சிக்கினால் அவரிடம் பிரமாதம் இல்லை. பாராமல் நடப்பவர் காலில் எதுவும் சிக்காவிட்டாலும் அவர் குற்றமற்றவர் ஆகார். எனவே அன்று என் குற்றம் கரண்டியில் புழுவைக் கண்டபோது தொடங்கவில்லை. காய்களைப் பிரிக்காமல் நறுக்கினேனே, அப்போதே தொடங்கிவிட்டது. கண்டதை மறைத்து, எஞ்சியதைக் குடும்பத்தாருக்குப் பரிமாறியது இரண்டாவது குற்றம். முதலாவதைக் காட்டிலும் அதுவே பெரிது என இன்று கருதுகிறேன்.

“அவரைக்காயும் உயிர்தானே, புழுவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?” என்று இளையோர் வினவுவதுண்டு. நல்ல கேள்வியே. அவரை ஓரறிவுயிர். புழுவோ தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர். இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதம், இடம்விட்டு இடம் பெயரும் உயிர்களைக் கருதிக் கொல்லாமையையும், ஓரறிவுயிர்களுக்குத் தேவைக்கு மேல் ஊறு செய்யாமையையும் கேட்கிறது. சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகைப்பட்ட இம்சைகளுள் சமையல் ஆரம்ப இம்சையாகும். உயிர்வாழும் வரை அதனை அடியோடு நீக்க இயலாது. கவனத்தால் குறைக்க இயலும். தவிர்க்க முடியாததைக் காட்டித் தவிர்க்கக் கூடியதையும் செய்துவிடுவது அறமாகாது.

அவ்வாறாயின் விரைந்து சமைப்பது தவறா? அன்று. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்திலும் ஓரறிவுயிர்கள் உண்டு என்பது நம் சமயக் கொள்கை. அடுப்பு எவ்வளவு குறைவாக எரிகிறதோ, அவ்வளவுக்கு ஊறும் குறையும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, பொடியாக அரிந்த அவரையைப் போட்டு, வடிகட்டிய நீர் சிறிது தெளித்து, மூடாமல் வதக்கினால் எட்டு நிமிடத்தில் பிஞ்சு வெந்துவிடும். மூடாதிருப்பதால் காயிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேறிப் பச்சை நிறம் மங்காது. உப்பும் தேங்காய்த்துருவலும் சேர்த்து இறக்கிவிடலாம். அடுப்பின் முன் விரைவு நல்லதே. முறத்தின் முன்தான் அது தீமையாகிறது. நாற்பது நிமிடப் பாடத்திற்கு முன்னாள் இரவே பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தனர். வகுப்பில் தடையின்றிப் பாடம் நடப்பது அந்த முன்னேற்பாட்டால்தான். பொரியலும் அப்படியே.

ஆனால் இந்த முன்னேற்பாட்டுக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு நேரம் எங்கே? இதற்கு என் மாமியார் கண்ட தீர்வையே கூறுகிறேன். காய்ச்சல் தணிந்த மறுவாரம், காலை வெயில் திண்ணையில் விழும் நேரத்தில், அவர் முறத்தை என் கணவர் முன் வைத்தார். “நியமம் வீட்டுக்கே உரியது. கண் மட்டும் இவளுடையதாக இருக்க வேண்டுமா?” என்றார். அன்றுமுதல் என் கணவரும் மாமனாரும் நாளடைவில் எங்கள் பிள்ளைகளும் அமர்ந்து காய் ஆய்ந்தனர். துளை விழுந்த காயைத் தனியே வைப்பது, நாரை உரித்து விளிம்போரமாகப் பிரித்துப் பார்ப்பது, புழு இருந்தால் அந்தக் காய்த்துண்டோடு செடியடி நிழலில் விடுவது ஆகிய அனைத்தையும் பிள்ளைகள் அங்கே கற்றனர். மாலையில் எனக்கு எஞ்சியது அடுப்பு வேலை மட்டுமே. உண்பவர் பலர், பார்ப்பவள் ஒருத்தி என்னும் வீட்டில்தான் அவசரம் பிறக்கிறது. அந்த அவசரத்தில் விளையும் பாவத்தை அவள் தலையில் மட்டும் சுமத்துவது நீதியன்று.

இக்காலத்தில் காய்களை நறுக்கி உறையிலிட்டுக் கடைகளில் விற்கின்றனர். வாங்குவோரை நான் குறைகூற மாட்டேன். அவர்களின் களைப்பை நான் அறிவேன். ஆயினும் அங்கே நாம் விலை கொடுத்துப் பெறுவது நறுக்கிய காய் மட்டுமன்று. பார்க்காதிருக்கும் வசதியையும் சேர்த்தே வாங்குகிறோம். உறையைப் பிரித்தபின்னேனும் ஒருமுறை தட்டில் பரப்பிப் பாருங்கள்.

என் மாமியார் கேட்ட கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து விடை கூற முயல்கிறேன். அன்று நான் அழுதது என் கண்ணில் பட்டதற்காகவே. இன்று வருந்துவது, அதற்கு முன்பு என் கண்ணில் படாமற்போனவற்றுக்காக. செய்த பிழையை நினைந்து அதிலிருந்து மீள்வதைப் பிரதிக்கிரமணம் என்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது ஒவ்வொரு காலையிலும் முறத்தின் முன் அமரும்போது தொடங்குகிறது. பார்வை மங்கிவிட்ட இந்நாளில் என் பேத்தி அருகில் அமர்ந்து, “பாட்டி, இந்தக் காயை நான் பார்க்கிறேன்” என்று வாங்கிக்கொள்கிறாள். அவள் பார்க்கட்டும்.