யாருக்கு மறைத்தார்கள்?

போர்க்காலத்தில் கப்பலுக்கு நேர்ந்த பேரழிவை மக்களுக்கு மறைப்பது முறையா? எல்லா உண்மையையும் எல்லாரிடமும் எப்போதும் சொல்லியாக வேண்டும் என்று அறநெறி நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. பொய்யுரைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு. ஆயினும் சொல்லாதிருப்பதற்கும் தக்க காரணம் வேண்டுமன்றோ?

1941 நவம்பர் 25 அன்று மத்தியதரைக் கடலில் 'பர்ஹாம்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் கவிழ்ந்து வெடித்ததைச் செய்திப்படக் கலைஞர் ஒருவர் அருகிலிருந்த கப்பலிலிருந்து படம்பிடித்தார். கப்பல் அழிந்ததைப் பகைவர் உறுதியாக அறியாதிருந்ததால் செய்தி 1942 ஜனவரி இறுதிவரை மறைக்கப்பட்டது. ஆனால் மாண்டவர் குடும்பங்களுக்கு, பிறரிடம் சொல்லவேண்டாம் என்ற வேண்டுகோளோடு, உண்மை முன்னரே தெரிவிக்கப்பட்டது. பகைவனுக்கு மறைத்து உற்றாரை நம்பிய இச்செயலில் ஒரு நேர்மை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் நடந்ததோ வேறு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' கப்பலில் தீப்பற்றியது. ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள். கூடவே கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள்! (இவ்விரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றத் துணிந்த அறிவைப் பற்றித் தனியே எழுதலாம்.) மாலை நான்கு மணிக்குமேல் இருமுறை வெடித்தது. பல நூறு பேர் இறந்தனர். தீயணைப்பு வீரர் மட்டும் 66 பேர்.

மறுநாளே, ஜப்பானியர் பிடியிலிருந்த சைகோன் வானொலி இதை விரிவாக ஒலிபரப்பிவிட்டது. இங்கிருந்த தணிக்கையாளரோ மே இரண்டாம் வாரத்தில்தான் செய்தியாளருக்கு வழிவிட்டனர். சுதீஷ் கடக் எடுத்த படச்சுருளை இராணுவ அதிகாரிகள் பறித்துக்கொண்டனர். அதன் சில பகுதிகள் மட்டும் பின்னாளில் செய்திப்படமாகத் திரைக்கு வந்தன. அரசு ஒப்புதல் பெற்ற குறும்படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டிய காலம் அது. கதைப்படம் காண வந்தவர் அரசு தேர்ந்தளித்த போரையும் பார்த்தே ஆகவேண்டும்.

பகைவன் அறிந்துவிட்ட பின் யாருக்கு மறைத்தார்கள்? துறைமுகத்தில் பிழைக்கச் சென்ற பிள்ளையின் நிலை தெரியாமல் தொலைவூரில் காத்திருந்த பெற்றோருக்குத்தான். மக்கள் மனம் தளர்ந்துவிடும் என்பர். மனத்தளர்ச்சிக்கு அஞ்சியதைவிட, பஞ்சையும் வெடிமருந்தையும் சேர்த்து ஏற்றியது யார் என்ற கேள்விக்கு அஞ்சியிருக்கலாம் என்று நாம் ஐயுறுவதில் தவறில்லை.

நாசரேத்தில் நமக்குக் கடல் கண்ணில் படாவிடினும் மணப்பாடு தொலைவில் இல்லை. முத்துக்குளித்துறை மக்களுக்குக் கப்பல் முழுகுதல் ஒரு காட்சியன்று, பெயர்களின் பட்டியல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபின் குமரிக் கடலோரத்தார் நாள்கணக்கில் கேட்டதும் கரை திரும்பாதோரின் பெயர்களைத்தானே? தொலைக்காட்சியோ கொந்தளிக்கும் அலைகளைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த 66 வீரர்களின் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புச் சேவை வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் ஒத்திகை காணும் நம் பள்ளிப் பிள்ளைகளில், அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டிருப்போர் எத்தனை பேர்?