எழுபத்தொன்பதின் தேவை

சிறுசேரி சிப்காட்டில், கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளுக்கு நடுவே, சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கி வைத்தது; 2005-இல் இங்கே குடிவந்தது. ஓ.எம்.ஆரில் வடக்கே போனால் தரமணியில் இன்னொன்று, கணித அறிவியல் நிறுவனம். இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு 79 என்ற எண் நினைவுக்கு வரும்.

1, 16, 81, 256 என்று நீளுபவை நான்காம் அடுக்கு எண்கள். எந்த முழு எண்ணையும் இவற்றில் 19-க்கு மேற்படாமல் எடுத்துக் கூட்டிப் பெற்றுவிடலாம் என்று இங்கிலாந்தின் வேரிங் 1770-இல் எழுதினார். நிரூபணம் தரவில்லை. தரமணியின் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரான்ஸின் தெசூயே, திரெஸ் இருவரும் சேர்ந்து 1986-இல்தான் அதை நிறுவினார்கள்.

ஏன் 19? 79-ஐக் கூட்டிப் பாருங்கள். 81-ஐ எடுக்க முடியாது, இரண்டு குறைகிறது. ஆகவே நான்கு 16, மிச்சத்துக்குப் பதினைந்து 1. மொத்தம் 19. இதைவிடக் குறைவாக வழியே இல்லை. ஆறாம் அடுக்கிலும் இதே கதைதான்: 729-ஐத் தொட முடியாத 703, பத்து 64-களையும் அறுபத்து மூன்று 1-களையும் வைத்துத் தன்னை நிரப்பிக்கொள்கிறது. அங்கே 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர், செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. 1950-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அந்த இழப்பு இன்றும் மனத்தை அறுக்கிறது.

எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் பெருகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நான்காம் அடுக்கில் நடப்பது நேர்மாறு. பெரிய எண்ணுக்கு எடுத்துக்கொள்ள 256 உண்டு, 625 உண்டு, 1296 உண்டு. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி. 13,792-ஐத் தாண்டிய எந்த எண்ணுக்கும், அது நூறு இலக்கமானாலும் ஆயிரம் இலக்கமானாலும், 16 போதும். முழுதாக 19-ம் வேண்டியிருப்பவை 79, 159, 239, 319, 399, 479, 559 ஆகிய ஏழே எண்கள். எண்ணற்ற எண்களுக்கு நடுவே ஏழு, அதுவும் அறுநூறுக்குள்!

இந்த ஏழையும் ஒதுக்கிவிட்டால் விதியை 18 என்று குறைத்து எழுதலாம். ஆனால் அப்போது ‘எந்த முழு எண்ணையும்’ என்று தொடங்க முடியாது. வசதியுள்ளவை எத்தனை கோடி இருந்தாலும் அவற்றைப் பார்த்து இந்த விதியின் அளவைக் குறைக்க வழியில்லை. ‘எல்லாம்’ என்று சொல்லத் துணிந்தவர் 79-க்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். வேரிங் கேட்டிருக்கிறார், 19 என்று எழுதியிருக்கிறார்.