ஓட்டுகிறவன் உட்காரும் இடம்

தரமான பொருள் என்று சொல்கிறோம். யாருக்குத் தரமானது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. வேஷ்டி வாங்குகிறவனே அதை உடுத்துகிறான். கிழிந்தால் அவன் மானம்தான் போகும். கடைக்காரனிடம் சண்டைக்குப் போகிறவனும் அவன்தான். பணம் கொடுத்த கையும் பயனை அனுபவிக்கும் உடம்பும் ஒருவருடையதாக இருக்கிற வரையில் தரம் என்ற சொல்லில் சிக்கல் இல்லை. அவை இரண்டு பேருடையதாகப் பிரிந்துவிட்டால்? இந்தக் கேள்விக்குத் தென்காசிப் பக்கத்தில் நல்ல உதாரணம் ஒன்று தினந்தோறும் மலையேறிப் போய்க்கொண்டிருக்கிறது.

குற்றாலம் பேச்சுக்குப் பேர்போன ஊர். ரசிகமணி டி. கே. சி. இருந்த காலத்தில் அங்கே கம்பனைப் பற்றிப் பேசினார்கள். இப்போது சாரல் விழும் நாட்களில் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிற்பவர்கள் கார்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இதை இளப்பமாகச் சொல்லவில்லை. ஏழெட்டு லட்சம் ரூபாய் போட்டு, ஐந்து வருஷம் தவணை கட்டி ஒரு பொருளை வாங்கியவன் அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவான்? எந்தக் கம்பெனியின் தகடு மெல்லிசு, எது மலையேற்றத்தில் மூச்சு வாங்குகிறது, எதற்கு ஸ்பேர் கிடைக்காது, எவன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான் என்று அவர்கள் அலசுவதைக் கேட்டால், கம்பெனிகளின் நிர்வாகிகளே குறிப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இந்தப் பேச்சு உரிமை சுலபமாக வந்ததல்ல. 1953-ல் சுங்கவரிக் கமிஷன் பரிசீலித்த பிறகு, இந்த நாட்டிலேயே வண்டியைத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்றாயிற்று. பூட்டிக் கோத்து விற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனிகள் 1954-ல் வெளியேறின. அதன்பின் அம்பாஸடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள். வாங்குகிறவன் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நின்றான். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அவன் யாரிடம் சொல்வான்? அவனுக்குப் பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்களே! 1983-ல் மாருதி வந்த பிறகு வரிசை மெல்லக் கலைந்தது. 2014-ல் அம்பாஸடரே நின்றுபோயிற்று.

வரிசை கலைந்ததும் வேறு கவலை பிறந்தது. மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த போர்டு கம்பெனி, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஸ்பேரும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று சொல்லித்தான் அறிவித்தது. ஆனாலும் அந்த வண்டியை ஆசையாக வாங்கியவர்கள் முகத்தில் ஈ ஆடவில்லை. முன்னே வண்டி கிடைக்குமா என்று கவலை. இப்போது வண்டியைச் செய்தவன் இருப்பானா என்று கவலை. எப்படியானாலும் கார்காரனுக்கு ஒரு பாக்கியம் உண்டு. அவன் வாங்குகிறான், அவனே உட்காருகிறான். இடுப்பு வலித்தால் அடுத்த தடவை வேறு கம்பெனிக்குப் போகிறான். அந்தப் பயத்தில்தான் கம்பெனிக்காரன் இருக்கையைத் திருத்துகிறான்.

லாரியின் கதை வேறு.

பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கத்தரியும் தக்காளியும் பல்லாரியும் ஏற்றிக்கொண்டு லாரிகள் செங்கோட்டை வழியாக மலையாளக் கரைக்குப் போகின்றன. புளியரையைத் தாண்டியதும் ஏற்றம். வளைவுகளில் ஊர்ந்து ஆரியங்காவு சேர வேண்டும். அந்த லாரிக்கு ஆர்டர் கொடுத்தவர் ஊரில் இருக்கிறார். செய்தவர் எண்ணூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருக்கிறார். இன்ஜினின் வெக்கை காலில் அடிக்க, விடிவதற்குள் சரக்கைச் சேர்க்க வேண்டுமே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் மூன்றாமவன். அவனை வாங்கியவரும் கேட்கவில்லை, செய்தவரும் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் தென்காசியில் ஒரு டீக்கடை வாசலில் இரண்டு லாரி முதலாளிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"என்ன அண்ணாச்சி, புது வண்டிக்குச் சொல்லியாச்சாமே?"

"சொல்லியாச்சு தம்பி. சேஸிஸ் மட்டுந்தான். பாடி திருச்செங்கோட்டுல கட்டிக்கிடலாம்."

"கம்பெனி கேபினே நல்லா வருதே! ஏசிகூட உண்டுங்காவ."

"வருது, வராம என்ன? அதுக்கு ஆவுற துட்டை வாடகையில எவன் தருவான்? நீ தருவியா?"

தம்பி சிரித்தார். டீக் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். நியாயமான கேள்விதானே!

சேஸிஸ் என்றால் என்ன என்று பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நெடுஞ்சாலையில் எலும்புக்கூடு மாதிரி ஒரு வண்டி போகும். சக்கரமும் சட்டமும் இன்ஜினும் ஸ்டியரிங்கும் இருக்கும். கூரையும் கதவும் இராது. அவசரத்துக்கு மாட்டிய இருக்கையில் ஒருவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலையும் தூசியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டிப் போவான். தொழிற்சாலையிலிருந்து நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போகிறான். அங்கேதான் பாடி கட்டுவார்கள். பல பத்தாண்டுகளாக நம் சாலைகளில் இது சர்வசாதாரணமான காட்சி. இந்திய லாரியின் முழுத் தத்துவமும் அந்தக் காட்சியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்ஜின் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, பாரம் தாங்கும் சட்டம் இருக்கிறது. மனிதனுக்கு இடம்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு யாரைக் குறை சொல்வது? கம்பெனிக்காரரைக் கேட்டால், "வாங்குகிறவர் கேட்பதைத்தானே செய்ய முடியும்? அவர் மைலேஜ் கேட்கிறார், விலையைக் குறைக்கச் சொல்கிறார். மெத்தை கேட்கவில்லையே!" என்பார். முதலாளியைக் கேட்டால், "பக்கத்து வண்டிக்காரன் இதே லோடை இதே வாடகைக்கு எடுக்கிறான். நான் மட்டும் டிரைவருக்குச் சொகுசு செய்தால் என் தவணையை யார் கட்டுவார்கள்?" என்பார். இரண்டு பதிலும் பொய்யல்ல. லாரி முதலாளிகளில் பெரும் பணக்காரர்கள் சிலரே. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு டீசல் விலையோடும் டயர் விலையோடும் மல்லுக்கு நிற்பவர்களே அதிகம். முன்பு டிரைவராக இருந்தவர்களும் அவர்களில் உண்டு. கல்நெஞ்சக்காரர் என்று ஒருவரைக் காட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. தக்காளி கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் முகம் சுளிக்கும் நாமும் அந்த வாடகைக் கணக்கில் ஒரு வரிதான்.

ஒவ்வொருவரும் தனித்தனியே நியாயமாக நடந்துகொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து ஓர் அநியாயத்தைச் செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. இத்தகைய இடத்தில் தனி மனிதனின் நல்ல மனசுக்குப் பலம் போதாது. நல்லவனாக இருப்பவன் முதலில் நஷ்டப்படுவான். அதனால்தான் சட்டம் வர வேண்டியிருந்தது. கனமான சரக்கு வண்டிகளின் டிரைவர் கேபினில் குளிர்சாதனம் இருந்தாக வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசு அறிவித்தது. 2025-ல் தயாராகும் வண்டிகளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே செலவு என்று ஆகிவிட்டால், "பக்கத்து வண்டிக்காரன்" என்ற சமாதானம் எடுபடாது. அந்த மட்டில் சட்டம் செய்தது பெரிய காரியம்.

ஆனால் சட்டம் கேபினுக்குள் ஓர் இயந்திரத்தை வைக்கும். அதன் விசையை யார் போடுவது? குளிர்சாதனம் ஓடினால் டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும். "அதைப் போட்டுராதப்பா, எண்ணெய் குடிக்கும்" என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டம் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுவிடும். எந்த இன்ஸ்பெக்டரும் அந்த வார்த்தையைக் கேட்கப் போவதில்லை. பக்கத்து வண்டிக்காரனைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த மனசாட்சி இப்போதுதான் முதன்முறையாகத் தனியே அகப்பட்டுக்கொள்கிறது. சட்டம் வந்ததும் தர்மத்தின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அதன் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

வண்டியைச் செய்கிறவரும் தப்பிவிட முடியாது. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தேன் என்பது வியாபாரிக்குப் போதுமான பதிலாக இருக்கலாம். ஒரு பொருளை உண்டாக்குகிறவனுக்கு அது போதாது. தன் கையைவிட்டுப் போன பொருளோடு முகம் தெரியாத யாரோ ஒருவன் காலம் கழிக்கப்போகிறான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகு, அவன் என்னிடம் வந்து கேட்கவில்லையே என்று சொல்வது அழகல்ல.

தென்காசியிலேயே இதற்கு ஒரு பாடம் கல்லில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தன் காலத்துக்குப் பின் இந்தக் கோயிலில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைச் செப்பனிடப்போகிறவர்களின் பாதத்தில் இப்போதே விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். நான் கட்டியது அழியாது என்று எழுதுவதுதான் ராஜாக்களின் வழக்கம். இவனோ, என் பொருளும் பழுதாகும் என்று ஒப்புக்கொண்டான். பிறக்காத கொத்தனைக்கூட மறவாமல் நினைத்துக் கும்பிட்டான். அவன் எதிர்பார்த்தபடியே ராஜகோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பிற்காலத்தவர் பாடுபட்டு மறுபடி எழுப்பி 1990-ல் குடமுழுக்குச் செய்தார்கள்.

லாரி கோயில் அல்லதான். ஆனால் அதிலும் ஒருவன் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். ஆர்டர் கொடுக்கிறவரும் அதை வாங்கிக்கொள்கிறவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து விலை பேசுகிறபோது, மூன்றாவதாக ஒரு நாற்காலி போடட்டும். அதில் யாரும் உட்கார வேண்டாம். காலியாக இருக்கிறதே என்று அவர்கள் கண்ணில் பட்டால் போதும்.