தீட்டும் துன்பமும்

அண்மையில் வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றிலே மாணவன் ஒருவனின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவனுடைய தாயார் பால் கலந்த தேநீரை நீட்டினார். நாம் பாலைக் கைவிட்டுச் சில ஆண்டுகளாகின்றன, ஆதலின் மறுத்தோம். அக்கணமே அவ்வம்மையாரின் முகம் வாடிற்று.

"ஏன் மாஸ்ரர், எங்கட வீட்டில குடிக்க மாட்டியளோ?"

குரலிலே கோபம் இல்லை. பழகிப்போன வேதனையே இருந்தது. அவர் நம்மைத் தவறாக விளங்கிக்கொண்டார் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், வரலாற்றை அவர் சரியாகவே விளங்கிக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்திலே உணவை மறுத்தல் ஒருகாலும் வெறும் உணவு பற்றிய செய்தியாக இருந்ததில்லை. யார் கையால் வாங்குவது, யாருடன் அமர்ந்து உண்பது என்பனவற்றின் மீதே சாதி அன்றாடம் உயிர்வாழ்ந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தேநீர்க் கடைகளிலே சிரட்டையில் வார்த்துக் கொடுத்த காலம் நம் பாட்டன் பாட்டியர் கண்ட காலமே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்த பின்னரும், தேநீர்க் கடைக்குள்ளும் ஆலயத்துள்ளும் நுழைவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்திலே வழிமறித்து நின்றோர் ஆசாரத்தின் பெயராலேயே நின்றனர். மரக்கறி உண்போன் உயர்ந்தோன், மீன் உண்போன் தாழ்ந்தோன் என்ற எண்ணமும் அந்த ஆசாரத்தோடு ஒட்டி வளர்ந்ததே.

இவ்வாறான மண்ணிலே, விலங்குகளிடமிருந்து பெறும் எதனையும் உண்ணோம் என்று ஒருவர் சொன்னால், சைவ ஆசாரத்தின் இன்னொரு படி என்றே அது கொள்ளப்படும். தமிழில் சிலர் வழங்கும் 'நனிசைவம்' என்னும் பெயரும் இம்மயக்கத்தை வளர்க்கின்றது. உண்மையில் இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து எழுந்தவை. சைவ ஆசாரம் பாலையும் நெய்யையும் தூய பொருள்களாகப் போற்றுகின்றது. 'வீகன்' என்னும் சொல்லோ 1944 இல் இங்கிலாந்திலே பிறந்தது. மரக்கறி உணவாளர் பாலையும் முட்டையையும் ஏற்றல் முரண்பாடு என்று கருதிப் பிரிந்த டொனால்ட் வாட்சனும் அவர்தம் நண்பர்களும் அதனை ஆக்கினர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, சிரியாவின் பார்வையிழந்த அரபுக் கவிஞர் அல்-மஅர்ரி (973–1057) இறைச்சியோடு பாலையும் முட்டையையும் தேனையும் விலக்கினார். இவர்கள் கேட்ட கேள்வி 'எது தீட்டு?' என்பதன்று, 'எதனால் ஓர் உயிர் துன்புறுகின்றது?' என்பதே.

பாலில் என்ன துன்பம் என்று நம் மாணவரே கேட்பதுண்டு. கன்று ஈன்றாலன்றிப் பசு பால் சுரப்பதில்லை. வீட்டுக் கொட்டிலிலே கன்றுக்கு விட்டுக் கறக்கும் வழக்கத்தைக் கண்டே நாம் பாலை அன்பின் சின்னமாக நினைக்கின்றோம். ஆனால், நம் கடைகளிலே விற்கும் பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்து போன்ற நாடுகளின் பெரும் பண்ணைகளிலிருந்து வருவது. அத்தகைய பண்ணைகளிலே கன்று பிறந்த சிறிது காலத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றது. பால் தராத ஆண் கன்றுகளிற் பல, பிறந்து சில நாட்களிலேயே கொல்லப்படுகின்றன. கறவை குன்றிய பசுவும் இறுதியில் இறைச்சிக்கே செல்கின்றது. ஈனுதலையும் சுரத்தலையும் இலாபக் கணக்கிலே எழுதும் உற்பத்தி முறை இது. சுரண்டலைப் பற்றிப் பேசும் நாம் இதனைக் காணாதிருத்தல் எவ்வாறு?

செடிக்கும் உயிர் உண்டே என்பார் உளர். செடிக்கு நோவை உணரும் நரம்புத் தொகுதி இல்லை. அதனை விடுத்தாலும், ஒரு விலங்கு தான் உண்ட தீனியின் சிறு பங்கையே இறைச்சியாகவும் பாலாகவும் திருப்பித் தருகின்றது; ஆகவே செடிகளைக் காக்க விரும்புவோரும் செடியை நேரே உண்பதே நன்று. உடல் நலியும் என்பார்க்குப் பயறு, கௌபி, உழுந்து, எள்ளு, குரக்கன், கீரை ஆகியவற்றைக் காட்டலாம். எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது: உயிர்ச்சத்து பி12 மரக்கறியிலிருந்து கிடைப்பதில்லை. அதனை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெறுதல் வேண்டும்.

இதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. 2022 இன் நெருக்கடியிலே பால்மா வாங்க இயலாது வெறுந் தேநீரோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார் கொள்கையால் அவ்வாறு செய்தவர் அல்லர். தோட்டத்து லயன் அறையிலே ரொட்டியையும் சம்பலையும் மட்டும் உண்பவரின் வறுமையை அறம் என்று புகழ்தல் கொடுமை. முட்டை ஒன்றையேனும் எதிர்பார்க்கும் பிள்ளையிடம் முட்டையைத் துறக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. வலைவீசி வாழும் தொழிலாளியைக் குற்றக் கூண்டில் நிறுத்தவும் உரிமை இல்லை. இயன்ற அளவு, நடைமுறைக்கு ஏற்ற அளவு என்பதே இக்கொள்கையின் எல்லை. தெரிவு செய்யும் வசதி படைத்தோரிடமே அதன் முதற் கேள்வி எழுகின்றது. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியராகிய நாமும் அவர்களுள் அடங்குவோம்.

அன்று அவ்வம்மையாரிடம் இவற்றையெல்லாம் நாம் விரித்துரைக்கவில்லை.

"பால் மட்டுந்தான் அம்மா வேண்டாம். வெறுந் தேத்தண்ணி தாங்கோ. பிட்டு இருந்தால் அதுவும் தாங்கோ" என்றோம்.

அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். பின்னர் அடுப்படிக்கு அழைத்துப் பலகையைப் போட்டார். அவர் கையால் இட்ட பிட்டையும் சம்பலையும் அவருடைய பிள்ளைகளோடு அமர்ந்து உண்டோம். பக்கத்துச் சட்டியிலே மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மணம் நமக்குத் தீட்டாகத் தோன்றவில்லை. அவ்வாறு தோன்றியிருப்பின், பாலை விட்டதிலும் நமக்கு யாதொரு பெருமையும் இருந்திராது.