இரண்டு நிமிட நிறுத்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரீஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். நடுக்குவாதத்துக்குப் ‘பார்க்கின்சன் நோய்’ என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். அவரிடம் வந்த நோயாளிகள் சிலர் ஒரு விசித்திரமான விஷயத்தைச் சொன்னார்கள். நெடுந்தூரம் ரயிலிலோ குதிரை வண்டியிலோ போய்வந்தால் உடம்பு லேசாகிவிடுகிறதாம். அந்தக் காலத்து வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போனால் நமக்கெல்லாம் இடுப்பு கழன்றிருக்கும். அவர்களுக்கோ இறுக்கம் தளர்ந்தது. ஷார்க்கோ அதை நம்பினார். ரயில்பெட்டியின் குலுக்கலை அறைக்குள் கொண்டுவர, மின்சாரத்தில் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யச் சொன்னார். 1892ல் அதைப் பற்றிப் பேசினார். அடுத்த வருடம் இறந்துபோனார். நாற்காலியும் மறக்கப்பட்டது.

2012ல் சிகாகோ ஆய்வாளர்கள் அதைத் தூசி தட்டி எடுத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் அதிரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் அதிர்வு இல்லாமல் இதமான ஓசைகளைக் கேட்டபடி உட்கார்ந்தார்கள். இரண்டு பிரிவினருக்குமே முன்னேற்றம் தெரிந்தது. அதிர்வால் தனியாக ஒரு பலன் உண்டு என்று நிறுவ முடியவில்லை.

இதை ஷார்க்கோவின் தோல்வி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பயணத்தில் ஜன்னல் இருக்கிறது, பக்கத்து சீட்டுக்காரர் இருக்கிறார், போய்ச் சேரவேண்டிய ஊர் இருக்கிறது, ‘நான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன்’ என்ற நினைப்பு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுக் குலுக்கலை மட்டும் பிரித்தெடுத்து அறைக்குள் கொண்டுவந்தார் அவர். இன்று நாமும் வேறொரு வகையில் அதைத்தான் செய்கிறோம். பார்க்கின்சன் உள்ள ஒருவரைச் சௌகரியமாகக் கூட்டிப்போவது எப்படி என்று யோசிக்கும்போது, பயணத்திலிருந்து சௌகரியத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கப் பார்க்கிறோம். அந்தச் சௌகரியம் யாருடையது என்று கேட்பதே இல்லை.

*

என் பெரியப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவர். ஓடுகிற ரயிலில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிற வேலை. திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடுவே எத்தனை ஆயிரம் தடவை போய்வந்தார் என்று அவருக்கே தெரியாது. ரிட்டயர் ஆகி, நோய் வந்து, ஆறேழு வருஷம் ஆனபிறகு ஒருநாள் சொன்னார்: “பகல் வண்டில ஒருக்கா மெட்ராஸ் போகணும். அந்த லைனை நான் வெளிச்சத்துல பார்த்ததே இல்ல.”

வீட்டில் எல்லோருக்கும் பாசம் உண்டு. அதனால் எல்லோரும் மறுத்தார்கள். “ரயில்ல எதுக்குப்பா? கார் வச்சுக்கலாம். வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம். நினைச்ச இடத்துல நிறுத்தலாம்” என்றார் அண்ணன். நியாயமான பேச்சுதான். காரில் போனார்கள். பெரியப்பா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்ததும் அண்ணன் சொன்னார்: “அவருக்கு எதுல போனா என்ன, முகத்துல ஒண்ணுமே தெரியல.”

இந்த ஒரு வாக்கியத்தில் இந்த நோயின் பாதிக் கொடுமை இருக்கிறது. பார்க்கின்சன் முகத்தின் தசைகளையும் இறுக்கிவிடும். சிரிப்பு உள்ளே நடக்கும், வெளியே வராது. கண் சிமிட்டுவது குறையும். குரல் தணிந்து ஒரே சுருதியில் போகும். நாம் மனிதர்களின் விருப்பத்தை முகத்தில் படித்துப் பழகியவர்கள். முகம் எழுதாதபோது, விருப்பமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேச ஆரம்பிக்கிறோம். “அவருக்கு காபி குடுக்கலாமா?” என்று ஹோட்டல் சர்வர் மகனைப் பார்த்துக் கேட்பார். மகனும் பதில் சொல்வார்.

சௌகரியம் என்ற சொல் இங்கே இரண்டாகப் பிரிகிறது. வலி, விழுதல், அவசரமாக வரும் சிறுநீர் போன்றவற்றிலிருந்து பாதுகாப்பு ஒன்று. தன் விருப்பம் தன்னுடையதாகவே மதிக்கப்படுகிறது என்ற நிம்மதி இன்னொன்று. காரில் முதலாவது கிடைத்தது. இரண்டாவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

*

இங்கே ஒரு உண்மையான சிக்கல் உண்டு. லேசாகத் தாண்டிப்போக முடியாத சிக்கல்.

பார்க்கின்சனுக்கு இன்றுவரை முதன்மையான மருந்து லெவோடோபா. நோய் முற்ற முற்ற, மாத்திரை வேலை செய்கிற நேரம், செய்யாத நேரம் என்று நாள் துண்டு துண்டாகும். நல்ல நேரத்தில் நடப்பார், பேசுவார், திட்டம் போடுவார். மருந்தின் வேகம் இறங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. காலையில் “டிக்கெட் போடு” என்றவர் மத்தியானம் “என்னை விட்டுருங்கடா” என்பார். இந்த இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் மத்தியானக்காரரைத்தான் நம்புவார்கள். காலையில் பேசியது மாத்திரையின் தெம்பு, இப்போது இருப்பதுதான் நிஜம் என்பார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு உற்சாகமாக மலையேற்றத்துக்குப் பணம் கட்டிவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு அலாரத்தைச் சபிக்கிறவர்கள்தான் நாமும். சபித்த அந்த ஆள்தான் நிஜமான நான், பணம் கட்டியவன் போலி என்று யாரும் சொல்வதில்லை. ஆரோக்கியமானவருக்கு நல்ல நேரம்தான் அவருடைய அளவுகோல், நோயாளிக்கு மட்டும் மோசமான நேரம் அளவுகோல் என்றால், அது மருத்துவ முடிவு அல்ல. நம்முடைய ஓரவஞ்சனை.

இதற்கும் கடினமான ஒரு எதிர்வாதம் உண்டு. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, குறிப்பாக டோபமைன் அகோனிஸ்ட் என்கிற வகை, சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத ஆசைகளைக் கிளப்பிவிடும். சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது என்று குடும்பங்கள் நொடித்துப்போனதுண்டு. அப்படியிருக்க, எழுபது வயதில் திடீரென்று ஊர் சுற்றணும் என்கிறாரே, அது அவரா, மருந்தா?

இந்தக் கேள்வியை ஒதுக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ‘மருந்தால் வந்த ஆசை பொய்யான ஆசை’ என்று ஒரு விதி போட்டோமானால் அதோடு அந்த மனிதரே காணாமல் போய்விடுவார். அவர் எழுந்து நிற்பதும் மருந்தால்தான், சட்டைப் பொத்தானைப் போடுவதும் மருந்தால்தான். மருந்து இல்லாத ‘உண்மையான’ அவர் என்று ஒருவரைத் தேடிப்போனால், படுக்கையில் அசையாமல் கிடப்பவர்தான் கிடைப்பார். எனவே ஆசை எந்த ரசாயனத்திலிருந்து வந்தது என்பதைவிட, அது இவருடைய வாழ்க்கையோடு ஒட்டுகிறதா, இவரையோ மற்றவரையோ அழிக்கிறதா என்று பார்ப்பதுதான் பொருத்தம். முப்பது வருஷம் இருட்டில் கடந்துபோன ரயில் பாதையைப் பகலில் பார்க்க நினைப்பவரிடம் ‘இது மாத்திரை பேசுது’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

என் முடிவு இதுதான். ‘போவதா, வேண்டாமா’ என்பதை நல்ல நேரத்து மனிதர் முடிவு செய்யட்டும். ‘எப்படி, எவ்வளவு மெதுவாக, எங்கே நிறுத்தி’ என்பதை மோசமான நேரத்து மனிதர் முடிவு செய்யட்டும். இருவரும் ஒருவரே என்பதால் இருவருக்கும் ஓட்டு உண்டு.

*

1990 நவம்பரில் முகம்மது அலி பாக்தாத் போனார். பார்க்கின்சன் கண்டறியப்பட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. சதாம் உசேன் பிடித்துவைத்திருந்த அமெரிக்கப் பணயக்கைதிகளை விடுவிக்கச் சொல்லிக் கேட்கப் போனார். காத்திருப்பு நீண்டது, கொண்டுபோன மாத்திரைகள் தீர்ந்துபோயின. பேசுவதும் எழுவதும் சிரமமாயிற்று. ஆனாலும் பதினைந்து பேரோடு திரும்பினார்.

ஊக்கம் தரும் கதையாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சின்ன பயம் உண்டு. அந்த அளவுக்குப் பெரிய காரணம் இருந்தால்தான் நோயாளி கஷ்டப்பட்டுப் பயணம் போகலாம் என்று ஆகிவிடக் கூடாது. ஆரோக்கியமானவர்களிடம் நாம் காரணம் கேட்பதில்லை. சும்மா பாண்டிச்சேரி போயிட்டு வரேன் என்றால் போயிட்டு வா என்கிறோம். நோயாளி மட்டும் கோயில், கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று நான்கில் ஒன்றைக் காட்டவேண்டியிருக்கிறது. சும்மா போகிற உரிமைதான் முதலில் பறிபோகிறது. அலியின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது: போகிற நாட்களுக்கு மேலேயும் சில நாட்களுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய உண்டு. அவை வெறும் குறிப்புகள் அல்ல, மரியாதையின் வடிவங்கள். மாத்திரையைக் கடிகாரப்படி கொடுப்பது. பருப்பும் முட்டையும் கறியும் லெவோடோபா உறிஞ்சப்படுவதைச் சிலருக்குத் தடுக்கும் என்பதால், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி விடுவது. வழியில் வாந்தி வந்தால் கடையில் கிடைப்பதை வாங்கிப் போட்டுவிடாமல் இருப்பது, ஏனென்றால் மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்து டோபமைனைத் தடுத்து நோயைக் கூட்டிவிடும். அவர் நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பது, கையில் பையைத் திணிக்காமல் இருப்பது. இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வது இந்த மூளைக்குச் சுமை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அவசரம். பார்க்கின்சன் உள்ளவர்களில் பலருக்குக் கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கதவு நிலைகளில், குறுகலான இடங்களில், திரும்பும்போது. அதாவது ரயில்பெட்டி வாசலில். பின்னால் நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்று சொன்னால் பூட்டு இன்னும் இறுகும், ஏனென்றால் பதற்றமே அதற்குச் சாவி போட்டுப் பூட்டுகிறது. நம் சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஏறவேண்டும் என்ற நினைப்பே ஏறமுடியாமல் செய்துவிடும். நாம் எதைக் குறை சொல்கிறோமோ அதை நாமே உண்டாக்குகிறோம்.

ஆனால் அதே மூளைக்கு வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் எழும். தாளம் போட்டால் நடை வரும். 2010ல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு 58 வயதுக்காரரைப் பற்றி எழுதினார்கள். சில அடிகூட நடக்க முடியாமல் உறைந்துவிடுபவர், சைக்கிளில் ஏற்றிவிட்டதும் சர்வசாதாரணமாக ஓட்டிப் போனார். முடியாது என்று நாம் முத்திரை குத்துவது பலநேரம் முடியாமை அல்ல, வழி மாறியிருப்பது.

அடுத்த வருஷம் பெரியப்பா ரயிலில்தான் போனார். எங்கள் ஊரில் இரண்டு நிமிட நிறுத்தம் என்பதால் வண்டி கிளம்புகிற திருநெல்வேலிக்கே போய் ஏறினார்கள். அங்கே வண்டி காலியாக, கதவு திறந்து, நிதானமாக நிற்கும். வாசலில் கால் ஒட்டிக்கொண்டபோது பெரியம்மா தன் செருப்பைக் கழற்றிக் குறுக்கே போட்டு, “இதைத் தாண்டுங்க” என்றார். தாண்டினார். காவிரிப் பாலத்தையும் மலைக்கோட்டையையும் பகலில் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லைதான். விழுப்புரம் தாண்டும்வரை ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை.

*

பெரியம்மாவைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி பொய்யாகிவிடும். நோயாளியின் சுதந்திரம் என்று எழுதுவது சுலபம். அந்தச் சுதந்திரத்தைத் தோளில் தாங்குவது பெரும்பாலும் ஒரு பெண், அவருக்கும் வயது அறுபத்தைந்து, அவருக்கும் மூட்டுவலி. அன்று ரயிலில் அவர் எத்தனை தடவை கழிவறை வாசலில் நின்றார் என்பதை யாரும் எண்ணவில்லை. ‘அவர் ஆசைப்படுகிறார்’ என்பது இன்னொருவரின் முதுகை உடைக்க அனுமதிச் சீட்டு ஆகாது. அதனால், போவதா என்ற முடிவில் அவருக்கும் ஓட்டு வேண்டும். முடியாது என்று சொன்னால் அது பாசக்குறைவு என்று ஆகாத சூழல் வேண்டும். கூட ஒரு ஆள் போகவேண்டும். அந்த ஆள் மகனாகவோ, இதைப் படிக்கிற நீங்களாகவோ இருக்கலாம்.

வீட்டுக்கு வெளியேயும் கடன் இருக்கிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல் இந்த நோயைப் பற்றி எழுதிய சிறு நூலில் ஆறு பேரை விவரித்தார். அவர்களில் இருவர் அவர் லண்டன் தெருவில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதாவது இந்த நோய் மருத்துவத்துக்குள் நுழைந்ததே, ஒருவர் தெருவில் நின்று இன்னொருவரின் நடையைக் கவனமாகப் பார்த்ததால்தான். நாமும் பார்க்கிறோம். குடிகாரர் என்று நினைத்து விலகுகிறோம், கை நடுங்கிச் சில்லறை சிந்தினால் உச்சுக்கொட்டுகிறோம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டம் உரிமையைக் கொடுக்கும். டிக்கெட் வரிசையில் அரை நிமிடம் பொறுத்திருப்பதைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அது நம் கையில் இருக்கிறது.

வேகம் என்பது இயற்கையானது அல்ல, யாரோ வைத்த ஏற்பாடு. இரண்டு நிமிட நிறுத்தம், பச்சை விளக்கின் விநாடிகள், பஸ் கண்டக்டரின் விசில் எல்லாமே முப்பது வயது உடம்பைக் கணக்கில் வைத்துப் போட்ட நேரங்கள். நாம் அதற்குள் சரியாகப் பொருந்துவதால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கொஞ்ச வருஷம்தான் பொருந்துவோம். அதற்குள், முன்னால் மெதுவாக ஏறுகிற ஒருவருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகிக்கொள்ளலாம்.