பெயர் யாருடைய உடைமை?

ஊர் பேர் தெரியாதவன் என்று ஒருவனைச் சுட்டினால், அவனை ஏற்க உலகம் தயங்குகிறது. அவனுடைய ஊரை வைத்துக்கொண்டு பேரை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது யார்? அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொணர்ந்த இரண்டு பழைய வீடியோ விளையாட்டுகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

1988இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். கருவிக்கென வெளிவந்தது ‘ஆர்.பி.ஐ. பேஸ்பால்’. ஆட்டக்காரர் சங்கம் உரிமம் அளித்ததால் அதில் மெய்யான ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருந்தன. அணிகளை ஆளும் லீக்கின் உரிமம் இல்லாததால் பாஸ்டன், டெட்ராய்ட் என ஊர்ப்பெயர்களே அணிகளைக் குறித்தன.

1994இல் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு வந்த ‘கென் கிரிஃபி ஜூனியர் வழங்கும் மேஜர் லீக் பேஸ்பால்’ இதற்கு நேர்மாறானது. லீக்கின் உரிமத்தால் 28 அணிகளும் தத்தம் பெயரோடும் சின்னத்தோடும் வந்தன. ஆட்டக்காரர் சங்கத்தின் உரிமம் இல்லை. ஆகவே கிரிஃபி ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் புனைபெயர் பூண்டனர். ஆயினும் அவர்களுடைய ஆற்றலைக் காட்டும் எண்கள் மெய்யான ஆட்டக்காரர்களையே நினைவூட்டின. செயல் இருந்தது, செய்தவன் பெயர் இல்லை.

பெயரையும் விலை பேசுவது பேராசை அன்றோ எனச் சிலர் வினவலாம். ஆட்டக்காரனின் உடல்வலிமை சில ஆண்டுகளே நிற்கும். அது தளர்ந்தபின் அவனிடம் எஞ்சும் உடைமை பெயர் ஒன்றே. அதனைக் காப்பது பேராசையாகாது, உழைப்பவனின் உரிமையாகும்.

அதே 1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், ஊதியத்திற்கு உச்சவரம்பு கட்ட முனைந்த உரிமையாளர்களை எதிர்த்து ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவ்வாண்டின் உலகத் தொடர் நடைபெறவே இல்லை. திரையில் இருந்த புனைபெயர் மாந்தரோ ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பசியும் இல்லை, மறுத்துரைக்கும் வாயும் இல்லை. பெயரை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் விரும்பும் உலகம் எத்தகையது என்பதற்கு அத்திரையே சான்று.

ஆயினும் அவ்விளையாட்டில் ஒரு வழி திறந்திருந்தது. ஆடுபவரே பெயர்களைத் திருத்தி எழுதிச் சேமித்துவைக்கலாம். எண்களைக் கண்டு ஆளை உணர்ந்த இளைஞர்கள், எழுத்தெழுத்தாக மெய்ப்பெயர்களை மீட்டனர். அதற்கு அவர்கள் ஊதியம் பெறவில்லை. எவரும் அவர்களைப் பணிக்கவுமில்லை. ஒருவன் ஆற்றிய செயல் அவன் பெயரிலேயே வழங்கவேண்டும் என்னும் நீதியுணர்வே அவர்களைத் தூண்டியது.

பெயரை விற்கும் உரிமை அதனை உடையவனுக்கு உண்டு. அப்பெயரைப் புகழாக்கும் உரிமை அவனிடம் இல்லை. அது அவனை நினைப்பவர்களிடம் இருக்கிறது. உரிமம் விலைக்குக் கிடைக்கும். நன்றியோடு எழுதப்படும் பெயர் விலைக்குக் கிடைப்பதன்று.